பிஎஸ்4 சத்தத்தை கம்ப்யூட்டர் வழியாக 7.1 ஹெட்செட்டில் கேட்க முடியுமா?

கொருக்குப்பேட்டை_கேமர்:
அண்ணன்களே, ஒரு உதவி. என்னிடம் இருப்பது முதலில் வந்த பெரிய பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4 கேம் பெட்டி), பர்மா பஜாரில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. ஹெட்செட் யுஎஸ்பி 7.1, அதாவது சுற்றிலும் இருந்து வருவதுபோல் எட்டுச் சேனல் சத்தம் காட்டும் வகை. கம்ப்யூட்டரில் ஆடும்போது எதிரியின் காலடிச் சத்தம் பின்னாலிருந்து வந்தால் தெளிவாகத் தெரிகிறது. அதையே பிஎஸ்4இல் செருகினால் இடது, வலது மட்டும்தான்.

அப்பாவுக்கு ஹார்பரில் நைட் ஷிப்ட், பகலில் தூங்குவார். ஒரே ரூம் என்பதால் ஸ்பீக்கர் பேச்சுக்கே இடமில்லை. டிவியின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து கம்ப்யூட்டரின் நீல நிற லைன்-இன்னுக்கு ஒயர் போட்டேன். சத்தம் வருகிறது, திசை தெரியவில்லை. கூடவே விடாமல் ஒரு இரைச்சல். என்ன செய்யலாம்?

ராயபுரம்_ரைடர்:
கேப்சர் கார்டு (கேம் பெட்டியின் படத்தையும் சத்தத்தையும் கம்ப்யூட்டருக்குள் எடுக்கும் கருவி) வாங்கிவிடுங்கள் ப்ரோ, எச்டிஎம்ஐயில் முழுச் சத்தமும் வந்துவிடும்.

தண்டையார்பேட்டை_ஆடியோ:
தம்பி, கேப்சர் கார்டுக்குக் காசு போடாதே. அதில் பெரும்பாலானவை ஸ்டீரியோ சத்தத்தைத்தான் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும்.

உன் ஹெட்செட்டில் இருப்பது காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான். கம்ப்யூட்டரில் ஓடும் சாஃப்ட்வேர், எட்டுச் சேனல் சத்தத்தை வாங்கி, எது முன்னால் எது பின்னால் என்று நம் காது நம்பும்படி இரண்டாகக் கலந்து கொடுக்கிறது. பிஎஸ்4இல் அந்த சாஃப்ட்வேர் ஓடாது. நீ போட்ட 3.5 மிமீ ஒயரோ இரண்டு சேனலுக்கு மேல் கொண்டுவராது. பின்னால் வரும் காலடி அந்த ஒயருக்கு வரும் முன்பே முன்சத்தத்தோடு கலந்துவிட்டது. கலந்த பிறகு எந்த சாஃப்ட்வேராலும் பிரிக்க முடியாது, விண்டோஸிலேயே வரும் சரவுண்ட் வசதியான விண்டோஸ் சோனிக் போட்டாலும் சரி.

உன் பிஎஸ்4இன் பின்னால் ஆப்டிகல் அவுட் (சத்தத்தை வெளிச்சமாக வெளியே அனுப்பும் துளை) இருக்கிறது. பிறகு வந்த பிஎஸ்4 ஸ்லிம் மாடலில் அதை எடுத்துவிட்டார்கள், அதனால் உன் பழைய பிஎஸ்4ஐ விற்றுவிடாதே. அதன் வழியாக டால்பி டிஜிட்டல் 5.1, அதாவது சுருக்கி அனுப்பும் ஆறு சேனல் சத்தம், வெளியே வரும். செட்டிங்ஸில் சவுண்ட் அண்ட் ஸ்கிரீன், ஆடியோ அவுட்புட் செட்டிங்ஸ் போய் பிரைமரி அவுட்புட்டை டிஜிட்டல் அவுட் ஆக்கு, டால்பி 5.1ஐ டிக் செய். அப்புறம் ஆடியோ ஃபார்மட்டில் பிட்ஸ்ட்ரீம் டால்பியைத் தேர்ந்தெடு. இந்தக் கடைசி வேலையை விட்டால் மறுபடி ஸ்டீரியோதான்.

சிக்கல் கம்ப்யூட்டர் பக்கம். மதர்போர்டில் இருக்கும் ஆப்டிகல் பெரும்பாலும் அவுட், இன் அல்ல. இன் உள்ள கார்டு கிடைத்தாலும், உள்ளே வரும் சத்தத்தை ஹெட்செட்டுக்கு அனுப்ப விண்டோஸில் 'லிசன் டு திஸ் டிவைஸ்' போட்டால் டால்பியைப் பிரித்துத் தராது. அதனால் கம்ப்யூட்டரை நடுவில் வைக்காதே என்பதுதான் என் முடிவு. சவுண்ட் பிளாஸ்டர் ஜி6 போல ஆப்டிகல் வாங்கி டால்பியைத் தானே பிரிக்கும் சின்னப் பெட்டி இருந்தால் போதும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டுப் பார். ஆனால் ஹெட்செட்டை அதில் 3.5 மிமீ பின்னில்தான் செருக முடியும். சில யுஎஸ்பி ஹெட்செட்டில் ஒயரின் நடுவில் ஒரு டப்பா கழன்று வரும், உள்ளே 3.5 பின் இருக்கும். முதலில் அதைப் பார்த்துவிடு.

அந்த இரைச்சல் பெரும்பாலும் எர்த் பிரச்சினை. டிவியும் கம்ப்யூட்டரும் வேறு வேறு பிளக்கில் இருந்தால் ஒரே எக்ஸ்டென்ஷனுக்கு மாற்றிப் பார். ஆப்டிகலில் போவது வெளிச்சம், கரண்ட் அல்ல, அதனால் அந்த ஒயர் வழியாக இரைச்சல் வராது.

கொருக்குப்பேட்டை_கேமர்:
ரொம்ப நன்றி அண்ணா. டப்பா கழல்கிறது, உள்ளே 3.5 பின்தான்! இந்த மாதம் பெட்டி வாங்கப் பணமில்லை. அதுவரை வழி உண்டா? மைக்கும் வேண்டும், ஃபிரண்ட்ஸோடு பேச.

தண்டையார்பேட்டை_ஆடியோ:
உண்டு. அந்த 3.5 பின்னை நேராகக் கன்ட்ரோலரில் செருகு, மைக்கும் வேலை செய்யும். செட்டிங்ஸில் அவுட்புட் டு ஹெட்போன்ஸ் என்பதை ஆல் ஆடியோ ஆக்கு. அப்புறம் விளையாட்டின் சவுண்ட் மெனுவைத் திற. பல விளையாட்டுகளில் ஹெட்போன் என்று தனித் தேர்வு இருக்கும். சிலவற்றில் திசைக் கலவையை விளையாட்டே செய்துவிடும், அதற்கு இரண்டு சேனலே போதும். பிறகு பெட்டி வாங்கும்போது ஒன்றை மறக்காதே: பெட்டியின் சரவுண்ட் ஓடினால் விளையாட்டில் ஹெட்போன் தேர்வை எடுத்துவிட்டு ஹோம் தியேட்டர் என்ற தேர்வை வை. இரண்டும் சேர்ந்து ஓடினால் திசை குழம்பிவிடும்.

ஆப்டிகல் ஒயரின் இரண்டு முனையிலும் சின்ன பிளாஸ்டிக் மூடி இருக்கும், கழற்றிவிட்டுச் செருகு.