'ரோஸ்டிங்' என்பதற்கு 'அனல்வாட்டல்': காய்கனி முன்னுணவை முன்வைத்து ஒரு பரிந்துரை

அன்புடையீர், வணக்கம்.

சமையற்கலைச் சொற்பட்டியலில் 'ரோஸ்டிங்' என்பதற்கு நேராக 'வறுத்தல்' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கருத்தும், அது பொருந்தாவிட்டால் 'சுடுதல்' போதும் என்று இன்னொரு கருத்தும் முன்வைக்கப்பட்டுள்ளன. இரண்டும் நாவில் பழகிய நல்ல சொற்கள். ஆயினும், சூட்டடுப்பில், அதாவது ஓவனில், காய்கறியையும் பழத்தையும் பதப்படுத்தும் முறைக்கு இவற்றில் எதைப் பெயராக வைத்தாலும், செய்முறையைப் படிப்பவரின் கை வேறு வழியில் போய்விடும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பொதுப்படையாகப் பேசாமல், விருந்தின் தொடக்கத்தில் சிறு தட்டில் பரிமாறப்படும் ஒரு சைவ முன்னுணவை எடுத்துக்கொண்டு, அதன் ஒவ்வொரு படியிலும் எந்தச் சொல் நிற்கிறது, எது விழுகிறது என்று பார்க்கலாம். பீட்ரூட்டும் பேரிக்காயும் சூட்டடுப்பிலிருந்து வந்து, நீர் வடித்த கெட்டித் தயிரின் மேல் அமர்ந்து, சில வால்நட் துண்டுகளையும் ஆரஞ்சுச் சுளைகளையும் துணையாகக் கொள்ளும் தட்டு அது.

முதலில் 'வறுத்தல்'. இச்சொல்லைக் கேட்டதும் நமக்குத் தோன்றுவது வாணலியும் கரண்டியும்தான். பருப்பு, தானியம், ரவை போன்ற உலர்ந்த பொருளைச் சூடேறிய இரும்பின் மேல் இட்டு, ஒரு பக்கம் கருகிவிடாதபடி விடாமல் கிளறுவதே வறுத்தல். கிளறுவது அச்செயலின் உயிர். சூட்டடுப்பிலோ இதற்கு நேர்மாறு. பீட்ரூட் துண்டின் வெட்டுமுகம் தட்டின்மேல் அசையாமல் கிடந்தால்தான் அம்முகம் உலர்ந்து நிறம் மாறும். நடுவே ஒரு முறை திருப்பிவிடுவதே போதும், அடிக்கடி புரட்டினால் எந்த முகமும் முழுதாக நிறம் பெறாது. 'காய்களை 40 நிமிடம் வறுக்கவும்' என்று எழுதப்பட்ட குறிப்பைப் படித்தவர் வாணலியில் எண்ணெய் விட்டுக் கிளறத் தொடங்கினால், குறை அவருடையதன்று, சொல்லைத் தேர்ந்தவருடையது.

'சுடுதல்' இன்னும் நெருங்கி வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அச்சொல்லுக்கு ஏற்கெனவே இரண்டு வேலைகள் இருக்கின்றன. மாவை அடுப்பில் வைத்து ரொட்டியாக்குவதும் சுடுதல்தான். சோளக்கதிரையோ கத்தரிக்காயையோ நேரடியாகத் தழலில் காட்டுவதும் சுடுதல்தான். இதே தட்டில் குடைமிளகாயையும் சேர்க்க விரும்பினால் சிக்கல் கண்கூடாகத் தெரியும். குடைமிளகாயைத் தோல் கருகும்வரை தழலில் காட்டி, மூடிவைத்து, கருகிய தோலை உரித்து, உள்ளே வெந்திருக்கும் மென்சதையை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதுவே உண்மையான சுட்ட குடைமிளகாய். பக்கத்தில் இருக்கும் பீட்ரூட்டின் முகமோ கருகக் கூடாது. கருகினால் கசந்துவிடும். ஒன்றில் கருக்குவது நோக்கம், மற்றொன்றில் கருகாமல் காப்பது நோக்கம். இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்லைக் கொடுத்தால் செய்முறை எழுதுபவர் ஒவ்வொரு முறையும் அடைமொழி சேர்த்து விளக்க வேண்டியிருக்கும்.

சமைத்தலைக் குறிக்கும் 'அடுதல்' என்ற பழஞ்சொல்லை மீட்டெடுக்கலாம் என்ற யோசனையும் வந்தது. அடுப்பு, அட்டில், அடிசில் என்று ஒரு பெருங்குடும்பமே அந்த வேரிலிருந்து வந்திருப்பதால் அதன் மீதான ஈர்ப்பு எனக்கும் உண்டு. ஆனால் மூதுரை பாலுக்கு 'அட்டாலும்' என்றும் சங்குக்குச் 'சுட்டாலும்' என்றும் பிரித்தே பேசுகிறது. நீர்மத்தைக் காய்ச்சுவதற்கும் உலர்ந்த சூட்டில் இடுவதற்கும் அங்கேயே வேறுபாடு பேணப்பட்டிருக்கும்போது, காய்ச்சுதலுக்குரிய வேரை எடுத்து உலர்சூட்டுக்கு வைப்பது முறையாகாது. தவிர, 'அடுமனை' என்பது ரொட்டிக்கடைக்கு நிலைபெற்றுவிட்டது. 'வெதுப்புதல்' என்பது இளஞ்சூட்டைக் குறிப்பது. 200 பாகை செல்சியசுக்கு அது பொருந்தாது.

எனவே 'அனல்வாட்டல்' என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். ஏன் என்று சொல்வதற்குச் சூட்டடுப்புக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பீட்ரூட்டைத் தோல் சீவி, ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் தடிமனுள்ள பிறைத் துண்டுகளாக வெட்டி, அரைக் கிலோவுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி எண்ணெயும் உப்பும் சேர்த்துப் பிசறி, துண்டுக்குத் துண்டு இடைவெளி விட்டுத் தட்டில் பரப்புகிறோம். 200 முதல் 220 பாகை வரை சூடேறிய அடுப்பில் வைத்தவுடன் நிறம் மாறத் தொடங்குவதில்லை. வெட்டுமுகத்தில் ஈரம் இருக்கும்வரை, அடுப்பு எவ்வளவு சூடாக இருந்தாலும், அந்த முகத்தின் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. வருகிற வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. முதற்பாதி நேரம் முழுவதும் காய் உள்ளே வெந்தும் வெளியே உலர்ந்தும் கொண்டிருக்கிறது. ஈரம் நீங்கிய பிறகே மேற்பரப்பு 140 பாகையைக் கடக்கிறது. அப்போது அமினோ அமிலங்களும் குளுக்கோஸ் போன்ற ஒடுக்கும் சர்க்கரைகளும் வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் மணத்தையும் விரைவாக உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மையார் 1912இல் விவரித்த வினை இது. அதையடுத்து, 160 பாகையை ஒட்டி, பீட்ரூட்டில் நிறைந்திருக்கும் சுக்ரோசும் தானே சிதைந்து செந்நிறம் கொள்கிறது. துண்டின் கூர்முனைகளில் சிறுசிறு மணிகளாகச் சாறு கசிந்து, கண்ணாடிபோல் பளபளத்து, பிறகு பாகாக இறுகுவதை அடுப்பின் கதவுக் கண்ணாடி வழியாகவே பார்க்கலாம். தட்டை வெளியே எடுக்க வேண்டிய பதம் அதற்கு மிகச் சற்றுப் பிந்தியது.

ஆக, இம்முறையின் அடிப்படை ஈரம் நீங்குதல். காயின் எல்லாப் பக்கமும் சூழ்ந்து நிற்கும் உலர்ந்த அனலால் ஈரத்தை வெளியேற்றிச் சுருக்குகிறோம். தமிழில் அதற்குச் சொல் உண்டு: வாட்டுதல். இலையை அனலில் காட்டி ஈரம் போக்கி இளக்குவதை அப்படித்தான் சொல்கிறோம். 'அனல்' என்ற முன்னொட்டு, வெயிலில் வாடுவதிலிருந்தும் தானாக வாடுவதிலிருந்தும் இதைப் பிரித்துக் காட்டுகிறது. அனல் என்பது தழலை மட்டும் குறிக்காது. தழலிலிருந்து எட்டி நின்றாலும் முகத்தில் வந்து அடிக்கும் சூட்டையும் குறிக்கும். சூட்டடுப்பின் சுவர்களிலிருந்து வரும் வெப்பக்கதிர்வீச்சுக்கும், உள்ளே சுழலும் காற்றின் வெப்பச்சலனத்துக்கும் சேர்த்து இதைவிடப் பொருத்தமான ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஏர் ஃபிரையர் என்று விற்கப்படும் கருவியில் நடப்பதும் எண்ணெயில் பொரிப்பதன்று, வேகமாகச் சுழலும் சூடான காற்றில் வாட்டுவதே என்பதால் இச்சொல் அங்கும் செல்லும்.

இந்தப் பெயரின் பெரும்பயன், அது செய்முறையையே சொல்லித்தருகிறது என்பது. தட்டில் துண்டுகளை நெருக்கி அடுக்கினால் வெளிவரும் ஆவி போக வழியின்றித் துண்டுகளுக்கிடையே தேங்குகிறது. காய் வேகும், வாடாது. குழைந்து வெளிறிய காய்கறியைத் தட்டில் கண்டு அடுப்பின்மேல் பழி போடுபவர்கள் பலர். 'அனல்வாட்டவும்' என்று எழுதப்பட்டிருந்தால், ஏன் இடைவெளி விட வேண்டும் என்பதும், கழுவிய காயை ஏன் துணியால் ஒற்றி ஈரம் போக்க வேண்டும் என்பதும் சொல்லிலேயே அடங்கியிருக்கும்.

பழத்திற்கு வரும்போது சொல்லின் வலிமை கூடுகிறது. 'வறுத்த பேரிக்காய்' என்பது காதுக்கே ஒவ்வவில்லை. 'சுட்ட திராட்சை' என்றால் கருகியதுபோல் ஒலிக்கிறது. பேரிக்காயில் ஃபிரக்டோஸ் மிகுதி. அச்சர்க்கரை 110 பாகை அளவிலேயே நிறம் மாறத் தொடங்கும். அதனால் பீட்ரூட்டுக்கு 35 முதல் 40 நிமிடம் தேவைப்படும் அதே அடுப்பில், நான்காகப் பிளந்த பேரிக்காய்க்கு 15 முதல் 20 நிமிடம் போதும். இரண்டையும் ஒன்றாக வைத்து ஒன்றாக எடுப்பவருக்குப் பழம் கூழாகிவிடும். பேரிக்காயை வெட்டுமுகம் கீழிருக்குமாறு தனித் தட்டில் வைத்து, பீட்ரூட் பாதி வாடிய பிறகு உள்ளே அனுப்ப வேண்டும். கெட்டியாகவும் சற்றே பழுக்காமலும் இருக்கும் பழமே இதற்கு ஏற்றது. தனித் தட்டு என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: பீட்ரூட்டின் பீட்டாலெய்ன் நிறமி நீரில் கரைவது, பேரிக்காயின் சாறு அதைத் தொட்டால் வெள்ளைச் சதை முழுவதும் சிவந்து, தட்டின் அழகே போய்விடும். திராட்சை சேர்ப்பதானால் காம்போடு வைத்துத் தோல் வெடிக்கும் தறுவாயில் எடுத்துவிடலாம்.

'வாட்டம் என்றாலே சோர்வு. உணவுப் பட்டியலில் அது பசியைக் கெடுக்காதா' என்று எழுப்பப்பட்ட ஐயம் நியாயமானது. ஆனால் 'வாடிய' என்பதற்கும் 'அனல்வாட்டிய' என்பதற்கும் உள்ள தொலைவு பெரிது. முன்னது தன்வினை, கவனிப்பாரற்றுக் கிடந்து தானாக நேர்ந்தது. பின்னது பிறவினை, ஒருவர் கருத்தோடு செய்தது. இந்தத் தன்வினை–பிறவினை இணை சமையலறையில் வேறு வகையிலும் பயன்படும்: 'பீட்ரூட் அனல்வாடும் நேரத்தில் வால்நட்டைத் தயார் செய்துகொள்ளவும்' என்று இயல்பாக எழுதலாம். அனல்வாட்டு, அனல்வாட்டிய, அனல்வாட்டல் என எல்லா வடிவங்களும் புணர்ச்சியில் எழுத்து மாறாமல் வருகின்றன. கலைச்சொல்லுக்கு இது சிறிய நன்மையன்று.

ஆனால் 'வாட்டல்' நிறமாற்றத்தைச் சொல்லவில்லை என்ற குறையை நான் மறுக்கவில்லை. அதற்குத் தனிச்சொல் வேண்டும். வெட்டிவைத்த ஆப்பிள் காற்றுப்பட்டு நிறம் மாறுவதற்கு 'பழுப்பாதல்' என்பது அறிவியல் நூல்களில் வழங்குகிறது. சூட்டால் சுவையோடு வரும் மாற்றத்திற்கும் அதையே வைத்தால் விரும்பத்தக்கதும் விரும்பத்தகாததும் கலந்துவிடும். சூட்டால் வருவதைச் 'செம்முறுகல்' எனலாம். அதற்குள் சர்க்கரை மட்டும் சிதைந்து நிறம் கொள்வதைச் 'செம்பாகாதல்' எனலாம். 'கேரமல்' என்பது அப்போது செம்பாகு ஆகிவிடும். மையார் வினைக்கு அவர் பெயரே இருக்கட்டும். கண்டவர் பெயரால் வழங்குவதை மாற்றத் தேவையில்லை.

'அப்பிடைசர்' பற்றிச் சுருக்கமாக. 'பசியூட்டி' என்பது மருந்துக்கும் வழங்குவதால், விருந்தின் ஒரு கட்டத்தைக் குறிக்க 'முன்னுணவு' தெளிவானது. இத்தாலியரின் 'ஆன்டிபாஸ்தோ' என்பதும் உணவுக்கு முன் என்றே பொருள்படுகிறது. சைவ முன்னுணவு என்று பெயரிடும்போது ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: தயிருக்குப் பதிலாகப் பாலாடைக்கட்டி இடுவோர், அது எந்த உறைபொருளால் உறைந்தது என்று பார்த்தாக வேண்டும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ போன்ற சில பாலாடைக்கட்டிகளில் விதிப்படியே கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற உறைபொருள் சேர்க்கப்படுகிறது.

கடைசியாகப் புளிப்பு. வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ அனல்வாட்டும் முன்பே பிசறிவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அமிலம் காயின் செல்சுவர்களை இறுகவைத்து இளகுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் அது கூடாது. தட்டை வெளியே எடுத்து, பீட்ரூட் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போது, ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு எண்ணெய் கலந்து பிசறினால் சாறு உள்ளே இறங்கும். பீட்ரூட்டின் மண்வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் அமிலத்தில் சிதைவதால் அந்த வாசனையும் தணியும். அதன்பின் குளிர்ந்த தயிரைக் கரண்டியின் முதுகால் தட்டில் இழுத்துவிட்டு, பீட்ரூட்டைச் சாய்த்து அடுக்கி, பேரிக்காயைச் செம்முறுகிய முகம் மேலே தெரியும்படி வைத்து, ஆரஞ்சுச் சுளையையும் வால்நட்டையும் மிகக் குறைவாகச் சேர்க்க வேண்டும். ஒருவர் தட்டில் ஐந்தாறு துண்டுகளுக்கு மேல் போனால் நேர்த்தியும் போகும், அடுத்து வரும் உணவுக்கு வயிற்றில் இடமும் போகும்.

சொற்பட்டியலுக்கு நான் முன்வைக்கும் வரையறை இது. அனல்வாட்டல்: மூடிய அடுப்பில், சூழ்ந்து நிற்கும் உலர்வெப்பத்தால் காய், கனி முதலியவற்றின் மேலீரத்தைப் போக்கி, உள்ளே இளகவும் வெளியே செம்முறுகவும் செய்யும் சமையல் முறை. மூடிய அடுப்பு என்ற கட்டுப்பாடு தேவையா, கனன்று அடங்கிய கரியின் ஓரத்தில் வைத்து மெல்ல வாட்டுவதையும் இதனுள் கொள்ளலாமா என்பதில் எனக்கு முடிந்த கருத்து இல்லை. கரியடுப்பில் பழகியவர்கள் அதைப் பற்றி எழுதினால் வரையறையை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம்.