ஐ லவ் யூ வைரஸ்: குற்றவாளி மணிலாவில் மட்டும்தானா?

பழைய அட்மின்:
வைரஸ் பரவுவதற்குக் காரணம் கண்டதையும் திறந்து பார்க்கும் ஜனங்கள்தான் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு ஒப்புதல் இல்லை. 2000 மே 4-இல் கிளம்பிய ஐ லவ் யூ மடலையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருந்த இணைப்பின் முழுப்பெயர் 'லவ்-லெட்டர்-ஃபார்-யூ.டிஎக்ஸ்டி.விபிஎஸ்'. தனக்குத் தெரிந்த கோப்பு வகை என்றால் விண்டோஸ் அந்தக் கடைசி மூன்றெழுத்தை மறைத்துவிடும். நாம் போய் மாற்றாதவரை அப்படித்தான். ஆகவே பார்த்தவர் கண்ணுக்கு டிஎக்ஸ்டி என்று முடிகிற சாதுவான உரைக்கோப்பு. சொடுக்கியதும் ஸ்கிரிப்ட், அதாவது உள்ளே இருந்த சின்ன நிரல் ஓடி, மைக்ரோசாஃப்ட்டின் மடல் மென்பொருளான அவுட்லுக்கின் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. "அனுப்பட்டுமா?" என்று அவுட்லுக் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டது யார்?

வாய்தா வக்கீல்:
எழுதியவனை விட்டுவிட்டு மைக்ரோசாஃப்ட்டைப் பிடிக்கிறீர்களே! மணிலா இளைஞர் தப்பியது பிலிப்பைன்ஸில் அப்போது அதற்கான சட்டம் இல்லாததால். ஜூனில் சட்டம் வந்தது, ஆனால் முன்பே நடந்ததற்குப் பொருந்தாது. ஆகஸ்டில் வழக்கைக் கைவிட்டார்கள். அமெரிக்காவில் மெலிசா என்ற மடல் வைரஸை எழுதியவருக்கு 20 மாதம் சிறை. சட்டம் பார்ப்பது கையை. சுத்தியல் செய்த கொல்லரைக் கூண்டில் ஏற்ற முடியாது.

பழைய அட்மின்:
மெலிசாவை நினைவுபடுத்தியதற்கு நன்றி வக்கீல் சார். 1999 மார்ச்சில் வந்த அது, அவுட்லுக் வழியாக முதல் 50 முகவரிகளுக்குப் போனது. 13 மாதம் கழித்து ஐ லவ் யூ நுழைந்ததும் அதே வாசல் வழியாகத்தான். அப்புறம், கொல்லர் கதை இங்கே செல்லாது. என் வீட்டுச் சுத்தியல் என்னைக் கேட்காமல் எழுந்துபோய் சொந்தக்காரர்கள் மண்டையை எல்லாம் உடைத்துவிட்டு வந்தால், செய்தவரைத்தான் கேட்பேன்.

கோடு கிறுக்கி:
அண்ணே, அந்த வாசலைத் திறந்து வைக்கச் சொன்னது யார்? லீவு விண்ணப்பம், பில், நினைவூட்டல் எல்லாம் தானாக மடலில் போகணும் என்று கேட்ட கம்பெனிகள். 2000 ஜூனில் அவுட்லுக்குக்கு ஒரு திருத்தம் வந்தது. ஓடக்கூடிய இணைப்புகளைத் தடுத்தது, வேறு நிரல் முகவரிப் புத்தகத்தைத் தொட்டால் அனுமதி கேட்டது. உடனே கைக்கணினியோடு ஒத்திசைப்பவர்களுக்குத் தொல்லை ஆரம்பம். பாதுகாப்பு எல்லோருக்கும் வேண்டும், ஆனால் கேள்வி கேட்கக் கூடாது!

இன்னொன்று. 1988-இல் மோரிஸ் புழு (தானாகவே பரவும் நிரல்) யூனிக்ஸ் இயங்குதளக் கணினிகளுக்குள் போன வழிகளில் ஒன்று, சென்ட்மெயில் என்ற மடல் அனுப்பும் நிரலில் அணைக்காமல் விட்ட சோதனை வசதி. அங்கே மைக்ரோசாஃப்ட் எங்கே இருந்தது?

பழைய அட்மின்:
சரி, சென்ட்மெயிலில் நடந்ததும் அலட்சியம்தான். அதனால் என் வாதம் வலுக்கிறதே தவிர குறையவில்லை தம்பி. 12 வருடம் முன்னாலேயே பாடம் கிடைத்திருக்கிறது. ஜூனில் ஒரு மாதத்தில் செய்ய முடிந்ததை மெலிசா வந்தபோதே செய்திருக்கலாமே?

சும்மா படிக்கிறவன்:
நிம்டா புழுவை எல்லோரும் மறந்துவிட்டீர்களா? 2001 செப்டம்பர் 18. இணைப்பைச் சொடுக்கவே வேண்டாம், மடலைப் பார்த்தாலே போதும். மடலைக் காட்ட அவுட்லுக் பயன்படுத்தியது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை, ஓட்டை அதில். ஆனால் அந்த ஓட்டைக்கான திருத்தம் மார்ச் 29-ஆம் தேதியே வெளிவந்துவிட்டது. பழைய அட்மின் சார், கோபிக்காதீர்கள், உங்கள் அலுவலகத்தில் எப்போது போட்டீர்கள்?

பழைய அட்மின்:
போடவில்லை.

60 கணினி, ஒரே ஒரு டயல்-அப் இணைப்பு. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளி, கடைசியில் நான்கு ராத்திரி சிடியைத் தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைந்தேன். அது என் தப்பு, அதை யார் தலையிலும் கட்டவில்லை. ஆனால் மடலைப் பார்த்தாலே நிரல் ஓடும் என்கிற நிலைமையை நான் உண்டாக்கவில்லை.

வாய்தா வக்கீல்:
இவ்வளவு நேர்மையான எதிராளி எனக்குக் கோர்ட்டில் கிடைத்ததில்லை. உங்கள் கட்சிக்கு நானே ஒரு ஆதாரம் தருகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் பொருள் பொறுப்புச் சட்டத்தை (பழுதான பொருளால் வரும் நஷ்டத்துக்குத் தயாரித்தவரைப் பொறுப்பாக்கும் சட்டம்) திருத்தி, மென்பொருளையும் பொருள் என்று சேர்த்துவிட்டது. 2026 டிசம்பர் 9-க்குப் பிறகு விற்பனைக்கு வருவதற்குப் பொருந்தும். "நாங்கள் பொறுப்பல்ல" என்று உரிமத்தில் எழுதித் தப்ப முடியாது. ஆனால் இழப்பீடு கேட்கும் உரிமை தனிமனிதர்களுக்குத்தான், தொழிலுக்காக வைத்திருக்கும் தரவு அழிந்தால் கிடையாது. உங்கள் 60 கணினிக்கு அங்கேயும் வழியில்லை சார்.