கயிறு ஏற்றம்: கையை நம்பி ஏறி, காலில் கற்றுக்கொண்டேன்

கயிறு ஏறக் கைபலம் இருந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கிற புல்-அப்ஸ் பத்து ஒரே மூச்சில் எடுப்பேன், அந்தத் தைரியத்தில் முதல் நாளே எம்பிப் பிடித்து நாலைந்து இழுப்பு இழுத்தேன், பாதி உயரம் போவதற்குள் முன்கை இரண்டும் கல் மாதிரி இறுகி விரல்கள் தானாக விரிய ஆரம்பித்துவிட்டன. பயத்தில் பிடியைத் தளர்த்தி வழுக்கிக்கொண்டே இறங்கினேன். இரண்டு விநாடி இருக்குமா? உள்ளங்கைத் தோல் உரிந்து ஒரு வாரம் முகம் கழுவக்கூடக் கஷ்டப்பட்டேன்.

காயம் ஆறியதும் பயிற்சியாளர் என்னை ஏறவே விடவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, கயிற்றைக் காலால் பூட்டுவதை மட்டும் செய்யச் சொன்னார். கயிறு வலது காலுக்கு வெளிப்பக்கமாகத் தொங்க வேண்டும். வலது பாதத்துக்கு அடியில் இருந்து இடது பாதத்தால் அதை அள்ளித் தூக்கி, கயிறு இடது பாதத்தின் மேல் படிந்ததும் வலது காலால் அழுத்தி மிதிக்க வேண்டும். அவ்வளவுதான், ஆனால் கீழே பார்க்காமல் செய்ய எனக்கு இரண்டு வாரம் ஆனது. சரியாக விழுந்தால் மிதித்த கால் படிக்கட்டில் நிற்பது போல உறுதியாக நிற்கும், அப்போது கைக்குக் கிடைக்கிற ஓய்வு இருக்கிறதே, அதுதான் இந்தப் பயிற்சியின் உயிரே.

அப்புறம் ஏறுவது எளிது. கையை நீட்டித் தொங்கியபடி முழங்காலை நெஞ்சுவரை தூக்கு, பூட்டு, எழுந்து நில், கையை மேலே மாற்று. கையை மடக்கிக்கொண்டே தொங்கினால் சீக்கிரம் சோர்ந்துவிடும். இறங்கும்போது பூட்டைக் கொஞ்சமாகத் தளர்த்தி, ஒரு கைக்குக் கீழே மறு கை. கீழே தடிமனான மெத்தை கட்டாயம், பாதி பலம் இறங்குவதற்கு மிச்சம் இருக்க வேண்டும்.

1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் கயிறேற்றத்தில் தங்கம் வென்ற ஜார்ஜ் ஐசருக்கு ஒரு கால் மரக்கால். படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. அவர் தேர்ந்த ஜிம்னாஸ்டிக்ஸ் வீரர், அதைப் பார்த்துவிட்டு நாமும் கையால் மட்டும் ஏறலாம் என்று கிளம்பிவிட வேண்டாம். தசை பலப்படுகிற வேகத்தில், அதை எலும்போடு இணைக்கிற தசைநாண் பலப்படாது. நான் வாரத்தில் நாலு நாள் ஏறி, முழங்கையின் உள்பக்கம் வலி வந்து ஒரு மாதம் நிறுத்த வேண்டியதாயிற்று. இப்போது இரண்டு நாள்தான், மற்ற நாளில் கம்பியில் துண்டைப் போட்டு அதைப் பிடித்துத் தொங்குகிறேன்.

போன வாரம் உச்சிக் கம்பியைத் தொட்டேன். தொட்டதும் இறங்கத் தோன்றவில்லை, காலைப் பூட்டிக்கொண்டு அங்கேயே மூன்று மூச்சு விட்டேன். கீழே வந்து கையை விரித்துப் பார்த்தால் சிவந்திருந்தது, தோல் அப்படியே இருந்தது.