குதிரை மூக்கில் ஒரு பள்ளம்: கலைச்சொல் வேண்டும்

காரைக்குடியிலிருந்து:
அன்பர்களே, பழைய பாணிக் கருமருந்து ரிவால்வர்களில் குறிபார்க்கும் உறுப்புகளை ஒப்பிடும் கட்டுரையை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். ‘சைட்’ என்ற சொல்லில் சிக்கி நிற்கிறேன். 1851 கோல்ட் நேவி ரிவால்வரில் குழல் நுனியில் சிறு பித்தளை மணி. பின்பக்கம் தனி உறுப்பே கிடையாது. குதிரையின் (விசையை இழுத்ததும் பாய்ந்து அடித்து மருந்தை வெடிக்கவைக்கும் உறுப்பு) மூக்கில் வெட்டிய பள்ளம்தான். குதிரையை இழுத்து நிறுத்தினால்தான் அது கண்ணுக்கு நேரே வரும். 1858 ரெமிங்டனில் குண்டுகள் அடைக்கும் உருளைக்கு மேலே சட்டம் போகிறது, அதன் முதுகில் நீளப் பள்ளம். அது அசையாது. ‘முன்குறி, பின்குறி’ என்று எழுதினேன். மகள் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

தேவகோட்டையிலிருந்து:
பொத்திக்கொண்டது சரிதான். இலக்கும் குறி, அடையாளமும் குறி, கோடாங்கி சொல்வதும் குறி. ‘குறியைக் குறியோடு சேர்த்துக் குறிக்கு நேராகப் பிடி’ என்றால் எவன் சுடுவான்? ‘நோக்கு’ இருக்கக் கவலை ஏன்? தொலைநோக்கி, நுண்ணோக்கி வரிசையில் முன்னோக்கி, பின்னோக்கி. ஆயுதச் சொல்லுக்கு நமக்கா பஞ்சம்? துப்பாக்கியே திருக்குறளில், வான் சிறப்பில் இருக்கிறது!

புதுவயலிலிருந்து:
‘பின்னோக்கியில் பார்த்து முன்னோக்கிச் சுடுக.’ அண்ணன் இதை ஒரு தடவை வாய்விட்டுப் படிக்க வேண்டும். வள்ளுவர் பாடியது மழையை. அங்கே துப்பு என்றால் உணவு. சுடுகிற துப்பாக்கி துருக்கிய வழி வந்த சொல்.

தேவகோட்டையிலிருந்து:
துப்புக்கு வலிமை என்றும் பொருள், தம்பி. பவளம் என்றும் பொருள். வலிமையை ஆக்குவது துப்பாக்கி. துருக்கியர் நம்மிடமிருந்து பெற்றிருக்கக் கூடாதா? துப்புரவு, துப்பறிதல் எல்லாவற்றையும் ஒரே வேரில் கட்டி நாளை விரிவாக எழுதுகிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து:
நாளை வேண்டாம், மொழிபெயர்ப்பவர் பாவம். எங்கள் வீட்டு முகப்பில் நின்றால் நிலைக்கதவு, வளவு, இரண்டாங்கட்டு தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் ஒரே நேரில் தெரியும். அரை அடி விலகினால் தூண் மறைத்துவிடும். இந்த ரிவால்வர் சங்கதியும் அவ்வளவுதானே? பள்ளத்துக்கு நடுவில் மணி நிற்க வேண்டும். மரத்தில் எடுக்கும் பள்ளத்தை ஆசாரி காடி என்பார். கோல்டுக்கும் பொருந்தும், ரெமிங்டனுக்கும் பொருந்தும். முன்னால் இருப்பது முனை. காடியும் முனையும், முடிந்தது.

தேவகோட்டையிலிருந்து:
காடி என்றால் புளித்த கஞ்சி, ஆச்சி. ஊறுகாய்க் கட்டுரையா எழுதுகிறோம்? பிளவுபட்ட கிளையைச் சொல்லும் ‘கவை’ என்று வையுங்கள். சங்கப் பாட்டிலேயே உண்டு.

புதுவயலிலிருந்து:
கவைக்கு உதவாது.

காரைக்குடியிலிருந்து:
ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: ‘கிட்டத்தில் சுட்டால் குண்டு இலக்குக்கு மேலே போகும், முனையை உயரமாக்கினால் இறங்கும். ஆனால் கோல்டில் காடி குதிரையோடு ஆடுவதால், குதிரை தேய்ந்திருந்தால் முனையை மாற்றியும் பயனில்லை.’ மகள் சிரிக்கவில்லை. எனக்கு அது போதும். இரண்டு பேர் காடிக்கு, ஒருவர் கவைக்கு, மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள் போலும். காடி, முனை என்றே அனுப்புகிறேன். ஆச்சிக்கு நன்றி. பத்திரிகையில் யாராவது குதிரையைச் ‘சுத்தியல்’ என்று திருத்தாமல் இருக்க வேண்டும்.

தேவகோட்டையிலிருந்து:
அனுப்புங்கள். கவை என்பதை அடிக்குறிப்பிலாவது போடுங்கள். துருக்கியரைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.