ஷட்டவுன் குடுத்தா ஃபேன் மட்டும் ஓடிட்டே இருக்கு, ஏனுங்க?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
வணக்கமுங்க. பொண்ணு இங்க தமிழ் மீடியத்துல ஒன்பதாவது படிக்குது, ஸ்கூல்ல எல்லாமே லினக்ஸ்ங்கறதால வீட்டு கம்ப்யூட்டர்லயும் உபுண்டு போட்டுட்டேன். இப்ப ஒரு மாசமா ஆஃப் பண்ணுனா திரை கருப்பாயிருது, ஆனா கேபினட் ஃபேனும் முன்னாடி லைட்டும் நிக்கறதில்ல. பவர் பட்டனை அமுக்கிப் புடிச்சாத்தான் சாகுது. நேத்து ராத்திரி கரண்ட் போயி, ஆஃப் ஆயிருச்சுன்னு விட்ட மிஷின் யூபிஎஸ் முழுசையும் குடிச்சிருச்சு. டவுன் கடைச் சேட்டன் எஸ்எம்பிஎஸ் (கேபினட்டுக்குள்ள கரண்ட் குடுக்கற பெட்டி) போச்சு மாத்துன்றாரு. மாத்தட்டுங்களா?

வாளையார் பையன்:
அண்ணா காசை எடுக்காதீங்க. மதர்போர்டுல இருந்து பச்சை ஒயர் எஸ்எம்பிஎஸ்க்குப் போகுதில்ல, போர்டு அதை கிரவுண்டுக்கு இழுத்துப் புடிச்சிருக்கற வரைக்கும் சப்ளை ஓடும், விட்டா நிக்கும். பட்டனை அமுக்குனா நிக்குதுன்னா எஸ்எம்பிஎஸ் சொன்னபடிதான் கேக்குது, விடுன்னு யாரும் சொல்லல, அவ்ளோதான். ஆஃப் ஆகறப்ப திரைல கடைசி வரில என்ன வருதுன்னு பாருங்க. ஆன் பண்றப்ப கிரப் மெனுல (உபுண்டு ஏறறதுக்கு முன்னாடி வர்ற பட்டியல்) e கீயைத் தட்டுங்க, லினக்ஸ்னு ஆரம்பிக்கற வரில quiet, splash ரெண்டையும் அழிச்சிட்டு எஃப்10. இது அந்த ஒரு தடவைக்கு மட்டுந்தான், பயப்படாதீங்க. அப்புறம் எப்பவும் போல ஆஃப் பண்ணுங்க. "பவர் டவுன்"னு வந்தும் ஃபேன் ஓடுனா பயாஸ், இல்லாட்டி ஏசிபிஐ (சிஸ்டம் போர்டுகிட்ட கரண்டை அணைக்கச் சொல்ற ஏற்பாடு) பக்கம் பாக்கணும். "சிஸ்டம் ஹால்ட்டட்"னு வந்தா கதை வேற.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
தம்பி, போட்டோ எடுத்தே பாத்துட்டேன், "ரீபூட்: சிஸ்டம் ஹால்ட்டட்". என்ன அர்த்தமுங்க?

மீனாட்சிபுரம் ராத்திரி ஷிப்ட்:
ஹால்ட்னா சிஸ்டம் வேலைய நிறுத்திட்டு அப்படியே நிக்கும், கரண்டை அணைக்காது. பழைய யூனிக்ஸ் பழக்கம், அந்தக் காலத்துல ஆளு போயி சுவிட்சை அணைப்பாங்க. நீங்க எதை அமுக்கி ஆஃப் பண்றீங்க?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
அட கர்மமே. மச்சான் பையன் லீவுக்கு வந்தப்ப டெஸ்க்டாப்புல "ஆஃப்"னு ஒரு ஐகான் போட்டுக் குடுத்தான், வீட்டுல எல்லாரும் அதைத்தான் அமுக்கறோம். இப்ப தொறந்து பாத்தா உள்ள சூடோ ஹால்ட்னு இருக்கு (சூடோன்னா அட்மின் அதிகாரத்தோட ஓட்டறது). ஆஃப் பண்றதுக்கு எதுக்கு பாஸ்வேர்ட் கேக்குதுன்னு அப்பவே நான் யோசிச்சிருக்கணும்.

வாளையார் பையன்:
😂 அதை systemctl poweroff-னு மாத்துங்க, முன்னாடி உக்காந்திருக்கற ஆளுக்கு சூடோ வேண்டியதில்ல.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
மாத்தியாச்சு, நின்னிருச்சு! சேட்டன்கிட்ட எஸ்எம்பிஎஸ் வேண்டாம்னு சொல்லிட்டேன், மொகம் சுருங்கிருச்சு. ஆனா நடுவுல "ஸ்டாப் ஜாப்"னு சொல்லி ஒன்றரை நிமிஷம் எண்ணுது, அதுக்கப்புறந்தான் அணையுது.

மீனாட்சிபுரம் ராத்திரி ஷிப்ட்:
ஏதோ ஒரு சர்வீஸ் (பின்னாடி ஓடற புரோகிராம்) எந்திரிச்சுப் போக மாட்டேங்குது, 90 செகண்ட் பொறுத்துட்டு சிஸ்டமே கழுத்தைப் புடிச்சுத் தள்ளுது. அந்த வரிலயே பேரு இருக்கும், தப்பிப் போச்சுன்னா அடுத்த தடவை ஆன் பண்ணிட்டு டெர்மினல்ல journalctl -b -1 அடிச்சு (போன தடவை ஓடுனப்ப எழுதி வெச்ச குறிப்பு வரும்) கடைசில பாருங்க. பேரை இங்க போடுங்க, டைமைக் குறைக்கறது எல்லாம் அதுக்கப்புறம்.