சர்வருக்கு இஎக்ஸ்டி4-ஆ, எக்ஸ்எஃப்எஸ்-ஆ?

கேள்வி: டெபியன் லினக்ஸ் சர்வர் நிறுவும்போது வட்டைப் பிரிக்கும் திரையில் நிற்கிறேன். 4 டெராபைட் வட்டுகள் இரண்டு. கோப்புப் பகிர்வுக்கும் இரவுநேரக் காப்புப்பிரதிக்கும்தான் பயன்பாடு. கோப்பு முறைமையாக (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை) நிறுவி இஎக்ஸ்டி4 என்கிறது. நண்பர் எக்ஸ்எஃப்எஸ் என்கிறார். எதைக் கேட்பது?

பதில் 1: நிறுவி சொல்வதைக் கேளுங்கள். இஎக்ஸ்டி4 2008 முதல் லினக்ஸின் மையமான கர்னலில் நிலைபெற்றிருக்கிறது. பிற்பாடு பகிர்வை (வட்டில் பிரித்த ஒரு பகுதியை) சிறிதாக்க நேர்ந்தால், அதன் இணைப்பை விலக்கிவிட்டுச் சுருக்கலாம். எக்ஸ்எஃப்எஸ் வளரும், சுருக்குவதற்கு அதை நம்ப வேண்டாம்.

பதில் 2: சுருக்குவதற்காகவா சர்வர் வைக்கிறோம், ஐயா? பெரிய கோப்புகள், ஒரே நேரத்தில் பலர் எழுதுவது என்றால் எக்ஸ்எஃப்எஸ்தான். ரெட் ஹாட் நிறுவனம் 2014இல் வெளியிட்ட தன் லினக்ஸின் 7ஆம் பதிப்பிலேயே அதை இயல்புத் தேர்வாக்கிவிட்டது. அதைவிட முக்கியம், பதிவுக் கோப்புகளுக்கு (கணினி தன் நடப்புகளை எழுதிவைப்பவை) தனிப் பகிர்வு கொடுங்கள். அவை இயங்குதளம் இருக்கும் மூலப் பகிர்வை நிரப்பிவிட்டால் எந்தக் கோப்பு முறைமையாலும் உங்களைக் காப்பாற்ற முடியாது.

கேட்டவர்: அப்படியானால் மூலத்துக்கு இஎக்ஸ்டி4, தரவுக்கு எக்ஸ்எஃப்எஸ். இரண்டு வட்டும் ரெய்டு 1, அதாவது ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும். காப்புப்பிரதி வேலை அதிலேயே முடிந்துவிடும் அல்லவா?

பதில் 1: முடியாது! தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு வட்டிலும் ஒருசேர அழியும். காப்புப்பிரதி வேறொரு கணினிக்குப் போகட்டும்.