மறு: "இன்ஸ்பெக்ட்" – ஆய்வு வேண்டாம், இருப்பு பார்ப்போம்

நண்பர்களே, வணக்கம். நிரலில் வழு (பிழை) நீக்கும்போது ஒரு பொருளுக்குள், அதாவது ஆப்ஜெக்டுக்குள், என்ன இருக்கிறது என்று திறந்து பார்ப்பதை ஆங்கிலத்தில் "இன்ஸ்பெக்ட்" என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் நண்பர் ஒருவர் எழுதியது:

> வழுநீக்கும்போது ஒரு பொருளின் பண்புகளைத் திறந்து பார்ப்பதற்கு "ஆய்வு செய்" என்பதே போதும்.

போதாது என்பது என் கட்சி. ஆய்வு என்றால் பல்கலைக்கழகத்தில் வருடக்கணக்கில் இழுப்பது. மெனுவில் "பொருள் ஆய்வாளர்" என்று எழுதிவைத்தால், உணவு வழங்கல் துறையிலிருந்து யாரோ வந்திருக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். "சோதி", "பரிசோதி" இரண்டையும் டெஸ்டிங்குக்குக் கொடுத்தாகிவிட்டது. மதுரை நண்பர் சொன்ன "துருவு" சமையற்கட்டை விட்டு வெளியே வராது.

பெயர் வைப்பதற்கு முன்னால் அந்த வேலை என்ன என்று பார்த்துவிடுவோம். போன மாதம் காரைக்குடியில் ஆத்தங்குடிக் கல் விற்பவர் ஒருவர், பில் போடும் நிரல் தகராறு செய்கிறது என்று கூப்பிட்டார். பைத்தானில் எழுதியது. பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம் என்பதால், எழுதியவர் வகுப்புக்கு (கிளாஸ்) "கல்" என்றும் பண்புகளுக்கு நிறம், அளவு, விலை என்றும் ஆசையாகப் பெயர் வைத்திருந்தார். மாதிரிக்கு மூன்று கல் கேட்ட வாடிக்கையாளருக்கு 454545 ரூபாய் என்று பில் வந்திருக்கிறது. கல் ஒன்று 45 ரூபாய்!

பிரிண்ட் போட்டு விலையைப் பார்த்தால் 45 என்றுதான் வருகிறது. எண்ணிக்கை 3. எல்லாம் சரியாகவே இருக்கிறது. அப்புறம் அந்தக் கல்லை அப்படியே வார்ஸ் (vars) செயற்கூறுக்குக் கொடுத்தேன்; ஒரு பொருளின் பண்புகளையும் மதிப்புகளையும் சேர்த்துக் காட்டுவது அது. வந்தது இது:

{'நிறம்': 'சிவப்பு', 'அளவு': 8, 'விலை': '45'}

அளவுக்கு மேற்கோள் குறி இல்லை, விலைக்கு இருக்கிறது. விலை எண்ணாக இல்லை, எழுத்துச்சரமாக (ஸ்ட்ரிங்) உட்கார்ந்திருக்கிறது. எழுத்துச்சரத்தை மூன்றால் பெருக்கச் சொன்னால், பைத்தான் அதை மூன்று முறை ஒட்டி வைத்துவிடும். பிரிண்ட் அந்த மேற்கோள் குறியை உரித்துவிட்டுத்தான் காட்டும், மனிதர் படிப்பதற்காக. ஆகவே நாம் தேடும் சொல் "அச்சிடு", "காட்டு" வகையில் சேராது. உள்ளதை உள்ளபடி, எண்ணா எழுத்தா என்ற இனத்தோடு பார்க்கிற வேலை இது. (டிர் (dir) என்ற இன்னொரு செயற்கூறு பண்புகளின் பெயர்களை மட்டும் அடுக்கும், மதிப்பு சொல்லாது. அதற்குப் "பெயர்ப்பட்டியல்" போதும், அதில் சண்டை வேண்டாம்.)

அதே கடையில் வயதான கணக்கப்பிள்ளை ஒருவர். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "என்ன தம்பி, இருப்பு பாக்குறீங்களா?" என்றார். அவர் கேட்டது சரக்கை. ஆனால் எனக்கு வேண்டிய சொல் அதுதான். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய செட்டிநாட்டார் பேரேடும் ஐந்தொகையும் தமிழில்தான் எழுதினார்கள். வரவு, பற்று, இருப்பு. இருப்பு பார்ப்பவர் எதையும் எடுப்பதில்லை, வைப்பதில்லை. அங்கே தலைப்பு, எதிரே தொகை. இங்கே பண்பு, எதிரே மதிப்பு.

இன்னொரு வசதியும் உண்டு. இருப்பு என்றால் கூடவே "எந்தத் தேதிக்கு?" என்ற கேள்வி வரும். நம் தொழிலிலும் அந்தக் கேள்விதான் ஆளைக் கவிழ்க்கிறது. குரோம் உலாவியில் நிரலின் செய்திகள் வரும் கன்சோலில் ஒரு பொருளைப் பதிந்துவிட்டு, நிரல் ஓடி முடிந்தபின் அதன் அம்புக்குறியை அழுத்தி விரித்தால், உள்ளே தெரிவது பதிந்த நேரத்து மதிப்பு அல்ல, விரித்த நேரத்து மதிப்பு. இது தெரியாமல் நடுராத்திரியில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் இந்தக் குழுவிலேயே இருப்பார்கள். நிரலை ஒரு வரியில் நிற்கவைக்கும் பிரேக்பாயிண்டில் நிறுத்திப் பார்த்தால் அந்த நொடியின் மதிப்பு கிடைக்கும். கன்சோலில் விரித்துப் பார்ப்பதை "நடப்பு இருப்பு" என்றும் நிறுத்திப் பார்ப்பதை "நின்ற இருப்பு" என்றும் பிரித்துச் சொன்னால் மாணவர்களுக்குப் பாதி விளக்கம் மிச்சம்.

> இருப்பு என்பதற்கு இரும்பு என்ற பொருளும் உண்டே? இருப்புப்பாதை என்கிறோம். "இருப்புப் பலகை" என்றால் இரும்புப் பலகை ஆகிவிடாதா?

ஆகிவிடும். நியாயமான ஆட்சேபம், அய்யா. வினையாகச் சொல்லும்போது தொல்லை இல்லை. "கல்லின் இருப்பைப் பார்" என்றால் யாரும் இரும்பைத் தேட மாட்டார்கள். பெயர்ச்சொல்லோடு ஒட்டும்போதுதான் வம்பு. எனவே பண்புகளும் மதிப்புகளும் தெரியும் அந்தப் பலகைக்கு, பேரேடு மாதிரியே, "இருப்பேடு" என்று வைக்கலாம். சொல்லவும் எளிது. நாம் குறித்துக் கொடுத்த மாறிகளின் மதிப்பை நிரல் ஓட ஓடக் காட்டும் வாட்ச் சாளரம் இதில் சேராது; அதற்கு ஏற்கெனவே புழங்கும் "கண்காணி" இருக்கட்டும்.

எனக்கு இன்னும் பிடிபடாதது கெட்டர். சில பண்புகளுக்கு மதிப்பு எங்கும் சேமித்து இருக்காது, கேட்கும்போதுதான் ஒரு துண்டு நிரல் ஓடிக் கணக்குப் போட்டுச் சொல்லும். அந்தத் துண்டு வேறு எதையாவது மாற்றிவிட்டால், பார்த்ததாலேயே பொருள் மாறிப்போகும். குரோம் இதற்காகவே அப்படிப்பட்ட பண்புக்கு எதிரே மூன்று புள்ளி மட்டும் வைத்து, சொடுக்கினால்தான் ஓட்டுகிறது. இதை இருப்பு என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. கோவையிலிருந்து அம்மா ஒருவர் எழுதிய "கேட்பு மதிப்பு" ஓரளவு பிடித்திருக்கிறது. "கோரிக்கை" வாசனை அடிக்கிறது என்பதுதான் குறை. வேறு யாரிடமாவது சொல் இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள்.